திருமணி கற்பித்த பாடம்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் நிறுவப்பட்டது. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மிஷன் அதனை நடத்திற்று. சாபமென்று ஒதுக்கப்பட்டதை நோயென்று ஏற்று, ஏழைக்கு மருந்தும் உறைவிடமும் அளித்தமையே அதன் சிறப்பாகும். 1955இல் மத்திய அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

குடிநோயைக் குறித்தோ நாம் வேறு வழியே சென்றோம். சபைகள் மதுவிலக்கு உறுதிமொழி வாங்கின. அரசு 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை 1948இல் மாகாணமெங்கும் விரித்தது. இரண்டும் குடியைத் தடுக்க முயன்றனவேயன்றிக் குடிநோயாளனைக் குணமாக்க முயலவில்லை. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் இதற்கெனச் சிகிச்சை நிலையம் கண்டார். ஆயினும் மாமல்லபுரக் கரையின் மீனவர் நகரில் வாரக்கணக்கில் தங்கினால் வீட்டில் உலை எரியாது. இதனை உணர்ந்த அந்நிலையத்தார் 1989இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் முகாம் அமைத்தனர். ஊரார் இடமும் உணவும் தந்தனர். மருத்துவக் குழுவினர் சிகிச்சை தந்தனர்.

2023 மே மாதத்தில் சித்தாமூர்ப் பகுதியிலும் மரக்காணம் கரையிலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோர் குடும்பத்திற்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அளித்தது. உயிரோடிருந்தபோது அவர்களுடைய சிகிச்சைக்காகச் செலவிட்டவர் யார்? 2025இல் அரசு ‘கலங்கரை’ என்னும் 25 மறுவாழ்வு மையங்களைத் திறந்தது நன்று. எனினும் நோயாளியை அங்கு அழைத்துச் செல்வதும், அதுவரை அவர் குடும்பத்தைப் போஷிப்பதும் யார் பொறுப்பு?

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நில்லாமல், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். நம் சபைகளின் வரவுசெலவில் அப்பணத்திற்கு ஓர் இடம் உண்டா?