காடு காத்த தவம்

படைப்பைப் பேணுதல் என்றவுடன், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலே நம் நினைவுக்கு வருகிறது. அம்மடலினால் திருச்சபைக்குப் புதியதொரு கடமை வந்து சேர்ந்தது என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அத்தகையோர் இத்தாலி நாட்டின் கமால்தோலி மலைக்காட்டின் வரலாற்றைச் சற்றே அறிதல் நன்று.

புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றிய புனித ரோமுவால்து, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொஸ்கானா மலைகளின் உயரத்தே சில தனிக்குடில்களை அமைத்தார். ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு சிறு தோட்டம், புலால் இல்லாத உணவு, நீண்ட மௌனம். குடில்களைச் சூழ்ந்து வெள்ளி ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் நெடிதுயர்ந்து நின்றன. துறவிக்கு மதில் அம்மரங்களே. அவை வீழ்ந்தால் தனிமையும் வீழும். எனவே மரத்தைக் காப்பது செபத்தைக் காப்பதாயிற்று. இத்துறவியரின் பழைய ஒழுங்கு நூல் ஒன்று, எசாயா 41:19-இல் வரும் கேதுரு, ஒலிவம் முதலான ஏழு மரங்களைத் துறவி அடைய வேண்டிய புண்ணியங்களுக்கு உவமையாக்கியது. மரங்களின் நடுவே வாழ்ந்தவர்களுக்கன்றி அவ்வுவமை வேறு யாருக்குத் தோன்றும்!

1520-இல் அச்சேறிய அவர்களது ஒழுங்கு நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காடு குறையலாகாது, வளரவே வேண்டும். இசைவின்றி எவரும் மரம் வெட்டலாகாது. புதிய கன்றுகள் நடப்பட வேண்டும். செபம், நோன்பு, மௌனம் பற்றிய விதிகள் அடங்கிய அதே நூலில்தான் இதுவும் இடம்பெற்றது. இது அறிவுரையன்று, விதி. இவ்வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். அறிவுரையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வீடு திரும்பலாம். விதியோ மறுநாள் காலையில் மண்வெட்டியைக் கையில் தருகிறது. மேலும், ஃபிர் மரம் முதிர ஏறத்தாழ நூறாண்டு ஆகும். நட்டவர் அதன் பயனைக் காண்பதில்லை. தன் கண் காணாத விளைவுக்காக உழைப்பதைவிடக் கடிய ஒறுத்தல் முயற்சி உண்டோ?

இக்காட்டை மனிதக் கை படாத கன்னிக்காடு என்று எவரும் எண்ண வேண்டாம். துறவியர் மரங்களை விற்றனர். மாட்டு வண்டிகளில் ஆர்னோ ஆற்றங்கரைக்கு வந்த மரங்கள், அங்கிருந்து தெப்பங்களாகப் புளோரன்சு நகருக்கு மிதந்து சென்றன. மற்ற மரங்கள் இருந்த இடங்களிலும் ஃபிர் மரத்தையே பெருக்கினர். மடத்தில் மருந்துச்சாலையும் இருந்தது; மலைவாழ் ஏழையர் அங்கே மருத்துவம் பெற்றனர். வெட்டியதும் உண்மை; வெட்டியதற்கு ஈடாக நட்டதும் உண்மை. நம்மிடையே முதற்பாதி மட்டுமே நடக்கிறது.

1866-இல் இத்தாலிய அரசு துறவற மடங்களின் உடைமைகளைக் கையகப்படுத்தியபோது, காடும் அரசின் கைக்குச் சென்றது. இன்று அது 1993-இல் உருவான தேசியப் பூங்காவின் பகுதியாக விளங்குகிறது. துறவியர் காட்டை இழந்தனர், காடோ அழியவில்லை.

இத்துறவற மரபின் கிளை ஒன்று நம் மண்ணிலும் உண்டு. குளித்தலை அருகே காவிரிக் கரையில், 1950-இல் மோன்சனேன், லெ சோ என்னும் இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய ஆசிரமம் அது. 1968-இல் அங்கு வந்து பொறுப்பேற்றவர் பீட் கிரிஃபித்ஸ் அடிகளார். அவர் காலத்தில், 1980-களில், அது கமால்தோலித் துறவியரோடு இணைந்தது. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கமால்தோலியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நாளிலேயே, ‘காடு’ என்ற பொருள் அதன் பெயரில் அமைந்துவிட்டது: சாந்திவனம்.