உடல்நிலையும் வாய் நலமும்

பல் கெட்டுப்போனால் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. சர்க்கரை நோய், நாள்தோறும் போடும் மாத்திரை, கர்ப்பம், புகை, பாக்கு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததுமே பல் மருத்துவர் "சுகர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று விசாரிப்பது இதனால்தான்.

வாயின் முதல் காவல் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. இனிப்பு உள்ளே போனதும் பல்லில் படிந்த பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீரின் வேலை. அதற்கு அவகாசம் வேண்டும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். சுவீடனின் விப்பேஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது: சாப்பாட்டோடு மட்டும் இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை, இடையிடையே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. சம்மதம் கேட்கப்படாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்துகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளே வாடிவிட, ஈறோரமாகப் பற்கள் வரிசையாகச் சொத்தையாகும்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய், ஆறாத புண் என்ற வரிசையில் ஈறு நோயை அந்நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் எழுதினார் நார்வேக்காரரான ஹரால்ட் லோ. இரத்தத்தில் மிகும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டி அழற்சியைத் தூண்டுகிறது. வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. ஈற்றைத் தாங்கும் கொலாஜன் புதுப்பிக்கப்படுவது தாமதமாகிறது. இன்னொருவருக்கு இரத்தக் கசிவோடு நிற்கும் அதே பற்காறை, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் பல்லடி எலும்பையே அரித்துவிடும். ஈற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சீழ்க்கட்டி வருவதையும் நாற்பது வயதுக்குள் பற்கள் ஆடுவதையும் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட பிறகே தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிபவர்கள் உண்டு. உறவு இருவழிப்பட்டது. ஈற்று அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. காறை நீக்கி ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதங்களில் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைகிறது. சின்ன எண்தான், ஆனால் கூடுதல் மாத்திரை இல்லாமல் கிடைப்பது.

புகைப்பவரின் ஈறு ஏமாற்றும். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் கசியாது. பல் ஆடும்போதுதான் தெரியவரும்.

பாக்கின் கதை வேறு. புகையிலை இல்லாவிட்டால் கேடில்லை என்று வெற்றிலை போடுபவர்கள் நம்புவதுண்டு. பாக்கே புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதிலுள்ள அரிக்கோலின் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. முதலில் குழம்பின் காரம் தாங்காது. பிறகு கன்னம் உள்ளே வெளுத்து, விரலால் தடவினால் கயிறுபோல் நெருடும். இயல்பாக மூன்று விரல்களை அடுக்கி நுழைக்கும் அளவு திறக்கும் வாய், இரண்டாக, ஒன்றாகச் சுருங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் இதைப் பதிவுசெய்தார். பழக்கத்தை விட்டாலும் இறுகிய நார் பழையபடி இளகுவதில்லை. சிலருக்கு அது புற்றாகவும் மாறுகிறது.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கிக் கசியும். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. மசக்கை வாந்தியின் அமிலம்தான் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காமல், வாயைக் கொப்பளித்துவிட்டுப் பொறுத்துத் தேய்ப்பது நல்லது.

வலிப்புக்கான பெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈற்றைப் பல்மேல் ஏறுமளவு வளர்த்துவிடும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குத் தரும் சோலெட்ரானிக் அமில ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால், அந்தக் குழி ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் ஊசி தொடங்கும் முன்பே, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி ஆறவிடுகிறார்கள்.