நுளம்பைக் கணக்கிட்ட வைத்தியர்

சப்பிரகமுவா மழைக்குப் பேர்போன மாகாணம். தேயிலையும் இறப்பரும் அதன் மலைச்சரிவுகளில் செழிப்பதற்கு அம்மழையே காரணம். மலேரியா வறண்ட பிரதேசத்துக்குரிய நோய் என்றே அங்குள்ளோர் பொதுவாகக் கருதி வந்தனர். அக்கருத்திலே நியாயமும் உண்டு. ஆறு நிரம்பி விரைந்தோடும்போது நுளம்புக் குடம்பிகள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கேகாலை மாவட்டத்தில் மகா ஓயா வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையே குட்டை குட்டையாகத் தேங்கிற்று. அக்குட்டைகளில் அனோபிலிஸ் இனத்து நுளம்பு கணக்கின்றிப் பெருகியது. ஒக்டோபரில் காய்ச்சல் மூண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலுமே பேரிழப்புக்கு உள்ளாயின. மடிந்தோருள் குழந்தைகள் மிகப் பலர்.

இவ்வழிவு எவ்வாறு நேரும் என்பதற்குரிய கணக்கைக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஒருவர் எழுதிவைத்திருந்தார். அவர் சேர் றொனால்ட் றொஸ். 1857இல் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தவர். கவிதையிலும் இசையிலும் நாட்டங்கொண்ட அவ்விளைஞர், தந்தையின் விருப்பத்துக்கு இணங்கியே வைத்தியம் பயின்றார். 1881இல் இந்திய வைத்தியச் சேவையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தபின், ஓய்வு வேளைகளில் கணித நூல்களைத் தாமே கற்றார்.

1897 ஓகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில், நுளம்பின் வயிற்றுச் சுவரிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபெல் பரிசு கிடைத்தது. உலகம் அவரை நினைவுகூர்வது இதற்காகவே. ஆயினும் அவருடைய கணிதப்பணி இதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

நுளம்பை ஒழித்தால் நோய் ஒழியும் என்று றொஸ் கூறியபோது, பலர் ஐயுற்றனர். லாகூருக்கு அருகே மியான்மீரில் நடந்த பரிசோதனை வெற்றிபெறாதது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. நாடு முழுவதிலும் உள்ள நுளம்பு அனைத்தையும் எவரால் கொல்ல முடியும் என்று வினவினர். தமிழ்த் தொழிலாளர் பலர் குடியேறிய மொரீசியஸ் தீவை ஆராய்ந்து 1908இல் வெளியிட்ட அறிக்கையில் றொஸ் இதற்கு விடையளித்தார். நோயாளி ஒருவரிடமிருந்து நுளம்புகள் வாயிலாகப் புதிதாக நோயுறுவோர் சராசரி ஒருவருக்குக் குறையுமானால், நோய் தானே தேய்ந்து மறையும். ஆகவே நுளம்பின் தொகையை ஓர் எல்லைக்குக் கீழே கொணர்ந்தாற் போதும். முற்றாக அழிக்க வேண்டியதில்லை. கேகாலையில் நிகழ்ந்தது இக்கணக்கின் மறுபக்கமே. நிறைந்தோடிய ஆறு நுளம்பை அவ்வெல்லைக்குள் வைத்திருந்தது. ஆறு வற்றியதும் எல்லை கடந்தது. றொஸ் அதைக் காண உயிரோடு இல்லை, 1932இல் காலமாகிவிட்டார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர், அசாம் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த ஜோர்ஜ் மக்டொனால்ட். நுளம்பின் தொகையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்று அவர் காட்டினார். நோயாளியைக் கடித்த நுளம்பின் உடலிலே கிருமி முதிர்வதற்குச் சுமார் பத்து நாட்கள் வேண்டும். நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு நுளம்புகள் பிழைத்தால், பத்தாம் நாள் முப்பத்தைந்து எஞ்சும். எழுபதே பிழைத்தால், மூன்றுகூட எஞ்சா! வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிப்பதன் பலன் இதிலே அடங்கியிருக்கிறது.

இலங்கையில் அம்மருந்து 1940களின் நடுப்பகுதியிலிருந்து தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். அதன்பின் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் நெடுங்காலம் முயன்ற பின்னரே, 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அந்நுளம்பு இன்னமும் இலங்கையில் வாழ்கிறது.