எடைக்குப் போகும் ஏடுகள்

வீடு மாற இன்னும் இரண்டே நாள். பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கணக்கு நோட்டுகள்: உரம், வட்டி, யாருக்கோ கொடுத்த கைமாத்து. "கரையான் அரிச்சதையெல்லாம் எதுக்குடா சுமக்கணும், எடைக்குப் போட்டுடு" என்றாள் அம்மா.

எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர், கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கும் போனார். சிதைந்த சுவடிகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். வேறு ஊர்களில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள்.

அவர்களை மூடர்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அவர்களும் வீட்டைத்தான் சுத்தம் செய்தார்கள். நம்ம ஊர் வெக்கைக்கும் பூச்சிக்கும் பனையோலை ரொம்ப காலம் தாங்காது. பழையதைப் பார்த்துப் புது ஓலையில் படியெடுப்பார்கள். அதன்பின் பழையதைக் கழிப்பதில் நஷ்டமில்லை. படியெடுக்கும் வழக்கம் நின்றுபோனது, கழிக்கும் வழக்கம் நிற்கவில்லை. நூல்கள் தொலைந்தது அந்த இடைவெளியில்தான். 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் உ.வே.சா. கையால் அச்சேறின. அவை தப்பிப் பிழைத்தவை. தப்பாதவற்றின் பெயர்கூட நமக்கு முழுசாகத் தெரியாது.

அன்றிரவு நோட்டுகளைப் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தேன். விடிந்துவிட்டது. ஒரு நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டேன். போனும் ஓலை மாதிரிதான். அடுத்த போன் வாங்கும்போது மறக்காமல் படியெடுக்கணும்.