கூடிக் கலையும் நகரும் கலைக்கழகமும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முத்துப் பார்களை எதிர்நோக்கிக் கிடப்பது சிலாவத்துறை. 19ஆம் நூற்றாண்டில் அங்கு முத்துக் குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளில், வெறும் மணற்கரை சில நாட்களுள் நகராகிவிடும். ஓலைக் கொட்டில்களில் கடைவீதியும் நீதிமன்றும் மருத்துவச்சாலையும் எழும். கீழக்கரையினின்றும் தூத்துக்குடியினின்றும் தோணிகள் வரும்; அரபு நாட்டுச் சுழியோடிகளும் வருவர். இரவில் நிலக்காற்றுடன் புறப்படும் தோணிகள், பிற்பகலிற் கடற்காற்றுடன் கரை சேரும். பருவம் முடிந்ததும் நகர் கலையும். சிப்பி ஓடுகளே எஞ்சும்.

நாள்தோறும் சென்று மீள்வோர் கூட்டம் நிலைத்த சமுதாயம் ஆகுமா? இவ்வினா, இலங்கையின் உயர்கல்வி வரலாற்றிலும் எழுந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவினர். அவர்தம் முயற்சியின் பயனாக 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு அது மாணவரை ஆயத்தஞ் செய்தது. அவருட் பலர் புகைவண்டியிலும் பேருந்திலும் வந்து, மாலையில் இல்லம் மீண்டனர். அருங்காட்சியகமும் நீதிமன்றங்களும் துறைமுகமும் சூழ்ந்த அந்நகரே அவர்க்கு இரண்டாவது வகுப்பறையாயிற்று.

எனினும், பல்கலைக்கழகத்தை எங்கு அமைப்பது என்ற வழக்கு நீண்டது. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்து உறைந்தாலன்றிக் கல்வி நிறைவுறாது என்றனர் ஒரு சாரார். நகரில் அமைந்தால் எளிய குடும்பத்து மைந்தனும் வீட்டுச் சோற்றை உண்டு படிக்கலாம் என்றனர் மற்றையோர். முடிவிற் பேராதனையே தெரிவாயிற்று. 1942இல் சேர் ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தராக, இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே தொடங்கியது. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தது.

இவ்வழக்கைச் சிலாவத்துறையில் நின்று நோக்கின், வேறொரு தோற்றம் தெரியும். அக்கரையின் இளைஞன் கொழும்பிற் கற்பதாயின், 1914இல் திறக்கப்பட்ட தலைமன்னார் இருப்புப் பாதையை அடைந்து நெடுந்தூரம் செல்லவேண்டும். அங்கே வாடகைக்கு அறையும் தேடவேண்டும். வீட்டுச் சோறு என்ற வாதம் அவனைச் சாராது. விடுதியே அவனுக்கு வாயில். 1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணச் சுமையை அகற்றியது, தூரத்தை அகற்றவில்லை.

அத்தூரமும் படிப்படியே குறைந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் அமைந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1997இல் வளாகமாகிய வவுனியா நிறுவனம், 2021இற் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கொழும்பும் 1979 முதல் தனிப் பல்கலைக்கழகம் உடையது.

நகர்க் கல்லூரி அருகிலிருந்தோர்க்கு அருகாகவும், அகன்றிருந்தோர்க்கு அகலவும் நின்றது. அகன்ற கரையினன் தங்குதற்கு ஓரிடம் வகுத்த பின்னரே, கலைக்கழகம் நாட்டினர் யாவர்க்கும் உரியதாகும். முத்து நகர் கலைந்தது. ஆயின் கல்வி நாடிச் சென்றவன் மீளும்போது, கரைக்கு எஞ்சுவது சிப்பி ஓடன்று.