எம்டன் தொப்பி: ஜெர்மானிய இராணுவ அதிகாரித் தொப்பிகளின் அசலை அறிதல்

பழைய ஜெர்மானிய இராணுவ அதிகாரிகளின் தொப்பிகள் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருள்கள். தேவை மிகுந்ததால் போலிகளும் பெருகின. தமிழ்நாட்டில் இத்தகைய பொருள்களோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் பெயர் 'எம்டன்'. ஒரு தொப்பியின் உண்மைத்தன்மையை எவ்வாறு ஆராய்வது என்பதை அந்தக் கப்பலின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழப்பும் நேர்ந்தது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள கல்வெட்டு இந்நிகழ்ச்சியைக் குறிக்கிறது. கெட்டிக்காரரை, அஞ்சத்தக்கவரை 'அவன் பெரிய எம்டன்' என்று கூறும் வழக்கும் இதிலிருந்து வந்ததே. 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை அழித்தது. கப்பலில் இருந்தோரில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கதையைச் சோதித்தல்

பழம்பொருளோடு ஒரு கதையும் வருவது வழக்கம். முதலில் கதையைச் சோதிக்க வேண்டும். 'எம்டன் சென்னைக்கு வந்தபோது கிடைத்த தொப்பி' என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். எம்டன் கடலில் நின்றே சுட்டது. அதன் மாலுமிகள் எவரும் சென்னையில் இறங்கவில்லை. கரைக்கு வந்தவை குண்டுகள் மட்டுமே. ஆகவே எம்டன் குண்டின் துண்டு சென்னையில் கிடைத்தது என்றால் நம்ப இடமுண்டு. அன்று தொப்பி கிடைத்தது என்றால் இடமில்லை.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற செய்தியும் இத்தகையதே. 1914இல் அவர் சூரிச், பெர்லின் நகரங்களில் விடுதலைப் பணியாற்றியதற்குச் சான்றுகள் உள்ளன. கப்பலில் இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அவருடைய பெருமைக்கு இக்கதை தேவையும் இல்லை.

சின்னங்களும் காலமும்

அடுத்து, தொப்பியில் உள்ள சின்னங்கள் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும்.

பேரரசுக் காலத் தரைப்படைத் தொப்பியில் இரண்டு வட்டச் சின்னங்கள் இருக்கும். மேலே உள்ள கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டம் பேரரசுக்குரியது. இது 1897இல் வந்தது. பட்டையில் உள்ள வட்டம் பிரஷ்யா, பவேரியா போன்ற அந்தந்த மாநிலத்துக்குரியது.

கப்பலின் பெயர் பொறித்த நாடா சாதாரண மாலுமிகளின் முன்விளிம்பு இல்லாத தொப்பியில்தான் இருக்கும். முன்விளிம்பு உள்ள அதிகாரித் தொப்பியில் கப்பலின் பெயர் எழுதப்படுவதில்லை. 'எம்டன்' என்று எழுதிய அதிகாரித் தொப்பியை ஐயத்துடனேயே பார்க்க வேண்டும்.

'எஸ்.எம்.எஸ்.' என்பது பேரரசரின் கப்பல் என்பதைக் குறிக்கும். 1918 நவம்பரில் பேரரசர் பதவி இழந்தார். பின்னர் 1925இல் கடற்படையில் சேர்ந்த புதிய எம்டனின் மாலுமி நாடாவில் 'குரொய்ட்சர் எம்டன்', அதாவது 'எம்டன் போர்க்கப்பல்' என்றே இருக்கும். ஸ்வஸ்திகா ஏந்திய கழுகுச் சின்னம் தரைப்படைத் தொப்பிக்கு 1934இல்தான் வந்தது. எனவே 'எஸ்.எம்.எஸ். எம்டன்' என்ற எழுத்தும் அக்கழுகும் ஒரே தொப்பியில் இருந்தால் அது போலி, அல்லது பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது.

ஹிட்லர் காலத் தரைப்படை அதிகாரித் தொப்பியில் முன்விளிம்புக்கு மேல் வெள்ளி நிறக் கயிறு இருக்கும். தளபதிகளுக்குப் பொன்னிறம், படைவீரர்களுக்குக் கறுப்புத் தோல்வார். ஓரத்து 'பைப்பிங்' நிறம் படைப்பிரிவைக் காட்டும்: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, கவசப்படைக்கு இளஞ்சிவப்பு. கவசப்படைத் தொப்பிக்கு விலை அதிகம் என்பதால், காலாட்படைத் தொப்பியின் பைப்பிங்கைப் பிரித்து நிறம் மாற்றுவோரும் உண்டு. பழைய தையல் துளைகள் இதைக் காட்டிக் கொடுக்கும்.

பொருளும் தையலும்

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தவர்கள் மேல்மண்ணுக்குக் கீழே நிலக்கரி அடுக்கு இருப்பதை அறிவார்கள். அடுக்கு கலைந்திருந்தால் அங்கே யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்று பொருள். தொப்பியையும் அவ்வாறே வெளித்துணி, உள்துணி, நெற்றியில் படும் தோல்பட்டை என அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்.

வெளித்துணி பெரும்பாலும் கம்பளி. உதிர்ந்த ஓர் இழையை எரித்தால் முடி கருகும் நாற்றம் வரும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். பாலியெஸ்டர் நூல் 1950களில்தான் பரவலாக விற்பனைக்கு வந்தது.

புறஊதா விளக்கின் கீழ் வெள்ளை நூல் பளிச்சென ஒளிர்ந்தால், அதில் போருக்குப் பிந்தைய வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கலாம். ஆனால் அசல் தொப்பியைப் பின்னாளில் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். ஆகவே இச்சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

பல ஆண்டுகள் அணிந்த தொப்பியின் தோல்பட்டையில் வியர்வைக் கறையும் நெளிவும் ஒரே சீராக இருக்கும். சின்னத்தைக் கழற்றினால், அதன் அடியில் வெயில் படாத துணி சற்று அடர்ந்த நிறத்தில் தெரிய வேண்டும். உள்ளே ஒளி ஊடுருவும் தகட்டின் கீழ், பெர்லின் நகரின் 'எரெல்' போன்ற தயாரிப்பாளர் பெயர் இருக்கலாம். பெயரை எவரும் அச்சிடலாம் என்பதால் அதுவும் தனித்த சான்றாகாது.

பழுதுபார்த்த தொப்பி போலி அல்ல. பழுதை மறைத்து விற்பதுதான் மோசடி.

ஏன் இந்த ஆய்வு?

போலித் தொப்பி வாங்கியவருக்குப் பணநஷ்டம். அது கண்காட்சியில் இடம்பெற்றால், பார்க்கும் மாணவர் அனைவருக்கும் தவறான வரலாறு போய்ச் சேர்கிறது. நாஜிச் சின்னங்கள் கொடுமைகளின் நினைவைத் தாங்கியவை. ஜெர்மனியில் அவற்றைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம்; கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அலங்காரப் பொருளாக அல்லாமல் சான்றாக வைக்கும்போதுதான் அவற்றுக்குப் பயன் உண்டு.

கதை, சின்னம், துணி, தேய்மானம் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொன்னால் தொப்பியை நம்பலாம். ஒன்று முரண்பட்டாலும் அதற்கான காரணம் தெரியும் வரை முடிவைத் தள்ளிவைப்பதே முறை.