பார்த்தார்கள், நம்பவில்லை

அம்பத்தூர், ஆவடி பகுதிகளின் மாலைப் பொழுதை ஒரு காலத்தில் ஆண்டது சென்னைத் தூர்தர்ஷன். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சி நேரத்தில், டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இன்று பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் தனியார் சேனலின் ‘பிக் பாஸ்’ வீடு எழுகிறது; தூர்தர்ஷன் பக்கம் ரிமோட் போவதே அரிது. கேபிள் வந்தது, தூர்தர்ஷன் வீழ்ந்தது என்பார்கள். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியபின் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் கேபிள் பறித்தது பார்வையாளர்களைத்தான். நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது.

சென்னை நிலையம் தொடங்கிய நாளைக் கவனியுங்கள்: 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நேரத்தில், அரசின் குரலாகவே அது பேசக் கற்றது. 1977 பிப்ரவரியில் டெல்லியில் நெருக்கடி நிலையை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் பேசிய கூட்டத்துக்கு மக்கள் போகாமல் தடுக்க, தூர்தர்ஷன் ‘பாபி’ படத்தைப் போட்டது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி இறந்த செய்தியை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது; நம் நாட்டு அரசு ஊடகங்கள் மாலைவரை வாய் திறக்கவில்லை. பாட்டுக்குத் தூர்தர்ஷன், செய்திக்கு பிபிசி என்று நேயர்கள் பிரித்துக்கொண்டதில் வியப்பில்லை.

‘வயலும் வாழ்வும்’ உழவருக்குச் செய்த உதவியை மறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மறக்கக் கூடாது. கர்நாடக இசைக்கும் நாடகத்துக்கும் விளம்பரக் கணக்குப் பார்க்காமல் அது நேரம் ஒதுக்கியது. அந்த ஊழியர்களின் உழைப்பு பெரிது. பழி அவர்களுடையது அன்று, மேலிருந்து ஆட்டுவித்தவர்களுடையது. தமிழ்த் தனியார் சேனல்களும் கட்சிச் சார்புள்ளவைதானே என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஆனால் எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், கேட்கும்போதே கழித்துக்கொள்வார். தூர்தர்ஷனோ எல்லாருடைய வரிப்பணத்திலும் நடப்பது, எல்லாருக்கும் பொதுவென்று சொல்லிக்கொள்வது. அதனால் அதன் சார்பு கூடுதல் குற்றம்.

தன்னாட்சி தருவதாக 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே 1997 ஆனது. அப்போதும் நிதிக்கு டெல்லியையே எதிர்பார்க்கும் நிலை மாறவில்லை. 2024-ல் சென்னைத் தூர்தர்ஷன் சேனலுக்கு இருந்த பொதிகை என்ற பெயர் போய் ‘டிடி தமிழ்’ ஆனது. செய்திச் சேனலின் இலச்சினை காவி நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபர் 18-ல், ஆளுநர் கலந்துகொண்ட இந்தி மாத நிறைவு விழாவும் நிலையத்தின் பொன்விழாவும் சேர்ந்து நடந்தபோது, தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிட நாட்டைச் சொல்லும் வரி விடுபட்டது. பாடியவரின் கவனச் சிதறலால் நேர்ந்த பிழை என்று நிலையம் மன்னிப்புக் கேட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குமுன் ஐம்பது ஆண்டு வரலாறு இருந்ததால், தமிழ்நாட்டில் பலர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.